அவர் யாருக்கு வக்கீல்?

இது நடந்து நான்கைந்து வருடங்கள் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் நர்ஸ். பெண் நர்ஸ்களை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறவர்கள் எங்களை 'பிரதர்' என்பார்கள். தோட்டங்காட்டு ஜனங்களுக்கு அது வாயில் நுழையாது. 'தம்பி' என்பார்கள், இல்லையென்றால் 'டாக்டரு' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் அடுத்த முறையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சொந்த ஊர் ராயப்பன்பட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை. எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சம்பளத்துக்குப் போனவன் நான். காலையில் பைக்கில் போவேன், டூட்டி முடிந்து திரும்புவேன். அந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் ஒரு சின்னப் புகார் கூட இல்லாமல் வேலை பார்த்திருந்தேன்.

அன்று காலையில் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சை விவசாயி காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், நல்ல திடகாத்திரமான ஆள். பந்தல் கம்பி காலில் கிழித்து, அதை இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறார். கணுக்காலுக்கு மேல் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. கூட அவர் மனைவி மட்டும் வந்திருந்தார். டாக்டர் பார்த்து, சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, மருந்து ஆரம்பித்துவிட்டுப் போனார். அவருக்கு வேறு ஊரில் சொந்தமாக ஒரு கிளினிக் இருந்தது. மதியத்துக்கு மேல் அங்கே போய்விடுவார். அவர் இல்லாத நேரத்தில் இன்னொரு டாக்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இன்னொரு டாக்டர் வேலையை விட்டுப் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. புது ஆளைப் போடவில்லை. போன் இருக்கிறதே என்று ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருந்தது.

சாயந்தரம் காய்ச்சல் ஏறியது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு மேலே பரவியிருந்தது. இரண்டு கையிலும் கையுறை, கையில் அவருடைய கால். அதே நேரம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் முன்னால் நான்தான் கூப்பிட்டிருந்தேன், அப்போது எடுக்கவில்லை. என் கை சும்மா இல்லாததால், பக்கத்தில் நின்ற அந்த அம்மாவிடம் என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். காலின் நிலைமையைச் சொன்னேன். டாக்டர் வேறு ஒரு ஆன்டிபயாடிக் ஊசியின் பேரைச் சொன்னார். நான் பேரையும் அளவையும் திருப்பிச் சொல்லிக் கேட்டேன். "ஆமா, டெஸ்ட் டோஸ் பாத்துட்டுப் போட்டுருங்க, நான் வந்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

முன்னால் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கணவனிடமும் மனைவியிடமும் கேட்டேன். இல்லை என்றார்கள். கையில் டெஸ்ட் டோஸ் போட்டு, வட்டம் போட்டு வைத்து, காத்திருந்தேன். தடிப்பில்லை, சிவப்பில்லை. அதன் பிறகுதான் மருந்தை மெதுவாக ஏற்றினேன்.

ஊசியை எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், "தம்பி, தொண்டைக்குள்ள என்னமோ அடைக்குது" என்றார். கழுத்து தடித்துக்கொண்டு வந்தது. அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. அட்ரினலின், ஆக்ஸிஜன், காலை உயர்த்தியது, ஆள் கூப்பிட்டது. எங்கள் ஹெட் நர்ஸ் கேரளத்துக்காரர், குமுளி தாண்டி வீடு. அவரும் ஓடி வந்து நான் சொல்வதற்கு முன்பே அடுத்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. தேனிக்குக் கொண்டு போகலாம் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நான் கூடப் போனேன்.

வழியில் வீரபாண்டி வருவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தேனி பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். அவர் மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடித் தடுப்பு வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை எப்படி எடுப்பது?

மறுநாள் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பம் போகிற பஸ்ஸெல்லாம் நின்றது. போலீஸ் வந்து பேசி எழுப்பி, புகார் வாங்கியது. இறந்தவரின் தம்பிதான் புகார் கொடுத்தவர். எங்கள் மேனேஜர் முந்தின இரவே அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 'டாக்டர் வருவதற்குள் நர்ஸ் தானாக ஊசி போட்டுவிட்டார்' என்பது புகாரின் சாரம்.

அன்று மதியம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நம்ம வக்கீல்" என்று மேனேஜர் அறிமுகப்படுத்தினார். எனக்கு டீ வந்தது, வடை வந்தது. ஆறு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வக்கீல் நன்றாகத்தான் பேசினார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. "பதட்டப்படாதீக. மனுசன்னா அவசரத்துல ஒரு தவறு நடக்கிறதுதான். டாக்டர் வர்றதுக்குள்ள பேஷண்டக் காப்பாத்தணும்னு நீங்களா ஒரு முடிவெடுத்துட்டீக. நல்லெண்ணத்துல செஞ்சதுதான? அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க. மத்தத நாங்க பாத்துக்குவோம். ஜாமீனு, கேசு எல்லாம் எங்க பொறுப்பு."

"டாக்டர் போன்ல சொன்னாரு சார். நான் கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கேன்" என்றேன்.

"நீங்க எழுதினீக. அவரு கையெழுத்து அதுல இருக்கா?"

இல்லைதான். போனில் சொன்னதை நாங்கள் எழுதிவைப்போம், டாக்டர் வந்ததும் கையெழுத்துப் போடுவார். அன்று அவர் வரும்போது நோயாளி அங்கே இல்லை.

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டு, "டாக்டர் பேரு வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிய இழுத்து மூடிருவாகப்பா. எத்தன பேரு குடும்பம் இத நம்பி இருக்கு, யோசிச்சுப் பாரு. உன்னைய விட்ருவமா நாங்க? உன் வேல எங்கயும் போயிராது" என்றார்.

நான் அவர்கள் பேச்சை நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதர் என் கைக்கடியில் இறந்துபோயிருந்தார். ஏதோ ஒரு விதத்தில் நான் எதையாவது எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற மனநிலையில் இருந்தேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது ஹெட் நர்ஸ் கதவைத் தட்டித் தலையை நீட்டினார். "மோனே, ஆறாம் நம்பர் ரூமிலே டிரிப் தீர்ந்து போச்சு. வேகம் வா" என்றார். ஒரு டிரிப்பை நிறுத்த என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவர் வேண்டுமென்றே கூப்பிட்டாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

ஆறாம் நம்பர் அறையில் ஒரு பெண் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஏறக்குறைய என் வயதுதான். சின்னமனூர் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து நான்கைந்து நாளாக இருந்தார். உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல் என்பது அவரைப் பார்க்க வந்தவர்களின் பேச்சிலிருந்து எனக்குத் தெரியும். அதற்கு மேல் பழக்கமில்லை.

டிரிப்பைக் கழற்றும்போது பஞ்சை வைக்க மறந்துவிட்டேன், அவருடைய ரத்தம் படுக்கையில் சொட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து நடந்ததுல டூட்டியில இருந்தது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது போல. நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுக்கப் போவதையும் சொன்னேன்.

"எழுதச் சொன்னது யாரு?"

"வக்கீல்தான் சொன்னாக."

"அவரு யாருக்கு வக்கீல்?"

"நமக்குத்தான்."

"நமக்குன்னா யாருக்கு?"

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பிரதர், அவரு ஆஸ்பத்திரிக்கு வக்கீல். ஆஸ்பத்திரியக் காப்பாத்துறதுதான் அவரு வேல. அவரு கெட்டவருன்னு நான் சொல்லல. நான் அவரு இடத்துல இருந்தாலும் அதத்தான் பாப்பேன். ஆனா அந்த ரூமுல உங்களுக்குன்னு யாரு இருக்கா? 'நானா முடிவெடுத்துப் போட்டேன்'னு எழுதிக் குடுத்தீகன்னா, கவனக்குறைவால உயிர் போச்சுன்னு வர்ற கேசுல நீங்க ஒருத்தர்தான் நிப்பீக. ஜாமீன் கெடைக்கும், அது பெரிசில்ல. நர்ஸிங் கவுன்சில்ல உங்க பதிவு போச்சுன்னா அப்புறம் எங்கன போயி ஊசியப் பிடிப்பீக? நடக்காத ஒண்ண எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் எவ்வளவு பெரிய வக்கீலக் கூட்டிட்டு வந்தாலும் அதத் திருப்ப முடியாது."

"இப்ப என்ன சொல்ல?"

"என் வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க."

"எனக்கு ஏதுங்க வக்கீல்?"

"இப்ப இருக்கு" என்றார்.

திரும்பிப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வக்கீல் எழுந்து பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜருக்குத்தான் தாங்கவில்லை. "வக்கீலா? உனக்கு எதுக்குப்பா வக்கீல்? தப்புப் பண்ணினவன்தான வக்கீலத் தேடுவான்?" என்றார். அன்று சாயந்தரமே, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் விசாரித்தபோது டாக்டர், 'போன் பண்ணி நோயாளியைப் பற்றி விசாரித்தது உண்மை, ஊசி எதுவும் போடச் சொல்லவில்லை' என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் அப்பாவும் ஏறக்குறைய மேனேஜர் மாதிரிதான் பேசினார். "நம்ம வகையறாவுல கோர்ட்டு வாசல மிதிச்சவன் ஒருத்தன் இல்லடா. அந்த மேனேஜரு கையக் காலப் புடிச்சாவது முடிச்சுக்க. சர்ச்சுல ஃபாதர்கிட்டச் சொல்லிப் பேசச் சொல்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வட்டாரத்தில் வக்கீல் என்றால் நிலத் தகராறு, இல்லையென்றால் விவாகரத்து. நல்லபடியாக வேலை பார்க்கிற ஒருவனுக்கு, அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வக்கீல் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நர்ஸிங் படிக்கும்போது எனக்கும்தான் யாரும் சொல்லித் தந்ததில்லை. பேஷண்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வருடக்கணக்காகப் படித்தோம். நமக்கு ஒன்று வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு வகுப்பு கூட நடக்கவில்லை.

அந்தப் பெண் வக்கீல் டிஸ்சார்ஜ் ஆன கையோடு என்னிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, முதல் வேலையாக முன்ஜாமீனுக்கு மனுப் போட்டார். பிறகு என்னை உட்காரவைத்து நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 'இருக்கலாம்', 'நினைக்கிறேன்' என்ற வார்த்தைகள் என் வாயில் வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "பாத்தத, கேட்டத, செஞ்சத மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் உங்களோடவே இருக்கட்டும்" என்பார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே இடத்தில் வந்து நின்றார். "போன் வந்ததுன்னு ரெக்கார்டு எடுத்துரலாம். போன்ல என்ன பேசினாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அந்த அம்மாவுக்கு."

சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவர். அவர் குடும்பமே என் பேரில் புகார் கொடுத்திருக்கிறது. அவர் எனக்காக ஏன் பேசப்போகிறார் என்று கேட்டேன்.

"உங்களுக்காகப் பேச வேணாம். நடந்ததச் சொன்னாப் போதும்" என்றார். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். "எந்தக் காரணத்துக்காகவும் நீங்க அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது. ஆளும் அனுப்பக் கூடாது."

இரண்டு வாரம் பொறுத்தேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குக் கிளம்பிவிட்டேன். அந்த அம்மாவைப் பார்த்து, 'நான் அப்படிச் செய்யலம்மா, நீங்கதான போனைப் பிடிச்சிருந்தீக' என்று சொல்லி அழுதுவிட வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. ஊருக்குள் நுழைகிற இடத்தில், திராட்சைப் பந்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர், "அந்தா அங்கன பந்தல் போட்டிருக்காக பாருங்க, துட்டி வீடு, தெரியும்" என்று கை காட்டினார். துக்கத்துக்குப் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

ஏனோ வக்கீலுக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் அவர் சத்தம் போட்டார். அதுவரை என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு? நீங்க வாசல்ல போயி நின்னீகன்னா சாட்சியக் கலைக்கப் போனீகன்னு ஆயிரும். நாளைக்கு அந்தம்மா உண்மையச் சொன்னாக் கூட, நீங்க அழுது மிரட்டிச் சொல்ல வச்சீகன்னுதான் சொல்லுவாக. அவுக வாய்ல இருக்க உண்மைய நீங்களே போயி அழிச்சுட்டு வராதீக. வண்டியத் திருப்புங்க. திருப்பிட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

திருப்பினேன். அன்று அந்தப் பந்தலுக்கும் எனக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்தான் இருந்தது. அதைத் தாண்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் சில சமயம் நினைத்துப் பார்ப்பேன்.

ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவர் வாக்கர் வைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டுடன், ஒரு காலில் மாவுக்கட்டோடு படியேறி வந்தார். இன்ஸ்பெக்டரே எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் அங்கே வாதம் எதுவும் பண்ணவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். கடைசியில் அவர் ஒரே ஒரு வேண்டுகோளை எழுத்தில் கொடுத்தார்: இறந்தவரின் மனைவியைத் தனியாக விசாரிக்க வேண்டும். "புகார் குடுத்தவரு அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே இல்ல சார். அங்கன இருந்த ஒரே ஆளு அந்தம்மாதான். அவுககிட்ட இன்னும் யாருமே கேக்கல" என்றார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, தலையாட்டி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட கேஸ்களில் அரசு டாக்டர்கள் குழு ஒன்று விசாரித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் வக்கீலின் வேண்டுகோளை அந்தக் குழுவுக்கே அனுப்பியிருந்ததால், எங்களோடு அந்த அம்மாவையும் தேனிக்கு வரச் சொன்னார்கள். வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சுகள். ஒன்றில் நானும் வக்கீலும். எதிரே அந்த அம்மாவும் அவர் கொழுந்தனாரும். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் செருப்பில் காய்ந்த செம்மண் ஒட்டியிருந்தது மட்டும் கண்ணில் பட்டது. தோட்ட வேலையை அவரே பார்க்க ஆரம்பித்திருந்தார் போல.

உள்ளே முதலில் நான் சொன்னேன். டாக்டரும் வந்திருந்தார், போலீஸில் சொன்னதையே சொன்னார். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். கொழுந்தனாரும் கூடவே எழுந்தார். அவரை மட்டும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்; நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

குழுவில் மூத்தவர், அன்று என்ன நடந்தது என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"போனு என் கையிலதான் இருந்துச்சு. இந்தத் தம்பி கையில உறை மாட்டிக்கிட்டு அவுக காலப் புடிச்சிருந்துச்சு. டாக்டரு ஊசி பேரு சொன்னாக. எனக்கு அந்தப் பேரு வாயில வராது. தம்பி அதத் திருப்பிக் கேட்டுச்சு. ஆமா போடுங்க, நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னாக. வந்துக்கிட்டு இருக்கேன்னுதான் சொன்னாக. வரல."

டாக்டர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினாரா?"

"கையில குத்தி வட்டம் போட்டுச்சு. அப்புறம் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு, என்ன தம்பி ஒரு ஊசி போட இம்புட்டு நேரமான்னு கேலி கூடப் பண்ணினாக."

"ஆனா உங்க கொழுந்தனார் புகார்ல வேற மாதிரி இருக்கே?"

"அவரு அங்கன இல்லங்கய்யா. அவருகிட்ட மேனேஜரு சொன்னத அவரு எழுதினாரு. என்கிட்ட யாரும் கேக்கல." பிறகு முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "இவரு மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஊசி போட்டது இவரு கைதான். அந்தக் கையப் பாத்தா எனக்கு வவுறு எரியுது. அதுக்காக நடக்காதத நடந்துச்சுன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அவருக்கு நன்றி சொல்ல எழுந்தேன். வக்கீல் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. செய்ய வேண்டியதை நர்ஸ் முறைப்படி செய்திருக்கிறார், டெஸ்ட் டோஸில் ஒன்றும் தெரியாமல் இருந்தும் சிலருக்கு அபூர்வமாக இப்படி நேர்வது உண்டு, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல் இருந்ததுதான் குறை என்று குழு எழுதியது. கேஸிலிருந்து என் பேர் நீங்கியது. டாக்டர் மேலும் ஆஸ்பத்திரி மேலும் வழக்கு நடந்தது. அதில் நான் சாட்சியாகப் போய் வந்தேன். நர்ஸிங் கவுன்சிலில் என் பதிவுக்கு எதுவும் ஆகவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு நான் திரும்பிப் போகவில்லை. இப்போது தேனியில் வேறோர் இடத்தில் வேலை பார்க்கிறேன்.

வக்கீல் என்னிடம் ஃபீஸ் வாங்கினார். வேண்டாம் என்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போல, முகத்தில் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "சும்மா செஞ்சா உதவியா ஆயிரும். அடுத்த தடவ வர்றதுக்கு வெக்கப்படுவீக. இது உங்க உரிமை, உதவி இல்ல" என்றார். அதை நான் சரியாகப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் வார்டில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள், ஏதாவது பிரச்சினை வந்து மேனேஜ்மென்ட் கூப்பிட்டால் மிரண்டு போய் என்னிடம் வருவார்கள். நான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் யாருக்கு வக்கீல் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். சிலர், நாம் என்ன தப்புப் பண்ணினோம், நமக்கெதுக்கு வக்கீல் என்று கேட்பார்கள். அன்று மேனேஜர் கேட்ட அதே கேள்வி. உண்மை நம் பக்கம் இருந்தால் போதும், அது தானாக வந்து நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் விஷயத்தில் உண்மை ஓடைப்பட்டியில் ஒரு துட்டி வீட்டுக்குள், யாரும் கேட்காத ஒரு பெண்ணிடம் இருந்தது. முறையாகப் போய் அதைக் கேட்கவைக்கத் தெரிந்த ஒருவர் எனக்கு வாய்த்தார்.

ஆனால் கேட்டபோது அந்த அம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நான் உட்பட. அவர் என்னை மன்னிக்கவில்லை, மன்னித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை; வயிற்றெரிச்சலை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்ன அப்படிப்பட்ட ஒரு மனுஷியை, இத்தனை வருட ஆஸ்பத்திரி வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.